அத்தையின் "ஓலா மாடல்" வண்டி

"ஏப்பா, வண்டி மேம்பாலத்துல நின்னுடுச்சு. மூணு கோடு காட்டுது, ஆனா நகரவே மாட்டேங்குது."

2024 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பட்டறை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அத்தை போன் செய்தார். தீபாவளிக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் துணிகள் ஒரு மூட்டை முன்னால் இருக்க, திருவானைக்காவல் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பது போனிலேயே கேட்டது. "சாவிய ஆஃப் பண்ணிட்டு ஓரமா நில்லுங்க அத்தை, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போட்டுப் பாருங்க" என்றேன். அப்படியே செய்தார். வண்டி கிளம்பியது. மாம்பழச்சாலை வரை வந்து மறுபடியும் நின்றுவிட்டது. குட்டியானை ஒன்றைப் பிடித்துப் போய் வண்டியை ஏற்றிப் பாலக்கரையில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, பதினாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். முதலில் பெட்ரோல் வண்டிகளுக்கு வயரிங், காயில், செல்ஃப் மோட்டார் வேலை. இப்போது வரும் வண்டிகளில் பாதி பேட்டரி வண்டி. அவற்றில் ஒரு வகையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். தூரத்தில் பார்த்தால் பெயர்பெற்ற ஒரு வண்டி மாதிரியே இருக்கும். பக்கத்தில் போய்ப் பெயரைப் படித்தால் யாரும் கேள்விப்படாத பெயராக இருக்கும்.

அத்தை இதை வாங்கியது 2023 ஆடித் தள்ளுபடியில். நான் அந்த மாதம் ஒரு பயிற்சிக்காகக் கோயம்புத்தூரில் இருந்தேன். "ஓலா வண்டி வாங்கிட்டேன்பா, 68 ஆயிரம்தான்" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். அந்த விலைக்கு அது கிடைக்காதே என்று எனக்கு அப்போதே உறுத்தியது. பணம் கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு என்ன சொல்வது? பேசாமல் இருந்துவிட்டேன். முதல் வாரமே போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போதும் வருந்துகிறேன்.

அத்தை பொய் சொல்லவில்லை. கடையில் அவரிடம் சொன்ன வார்த்தை "ஓலா மாடல்". இந்த வியாபாரத்தில் அப்படித்தான் பேசுவார்கள்: வெஸ்பா மாடல், ஆக்டிவா மாடல், ஓலா மாடல். அந்த "மாடல்" என்ற சொல் கடைக்காரருக்கு ஓர் அர்த்தம், வாங்குகிறவருக்கு வேறோர் அர்த்தம். எதிர் வீட்டில் வங்கியில் வேலை பார்க்கும் பெண் அசல் ஓலா எஸ்1 வைத்திருக்கிறார். கொண்டையம்பேட்டைத் தெருவில் அது தினமும் போய் வருவதை அத்தை ஒன்றரை வருடமாகப் பார்த்திருக்கிறார். மழையில் போகிறது, பாலம் ஏறுகிறது, பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு போகிறது. அந்த வட்ட விளக்குகளையும் மழமழப்பான உடம்பையும் கடையில் பார்த்ததும், அந்த ஒன்றரை வருட நம்பிக்கை முழுவதும் இந்த வண்டி மேல் போய் உட்கார்ந்துவிட்டது. வேறு எதையும் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், தெரிந்தவன் கண்ணுக்கு ஒரு நிமிடம் போதும். முதலில் வந்த எஸ்1-இல் முன்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் ஒரே கை பிடித்திருக்கும், அத்தையின் வண்டியில் வழக்கமான இரட்டை ஃபோர்க். அசலில் 12 இஞ்ச் சக்கரம், இதில் 10 இஞ்ச். அசலில் மோட்டார் வண்டியின் நடுவில் இருந்து பெல்ட் வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றும். இதில் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே ஹப் மோட்டார். ஹப் மோட்டார் ஒன்றும் மட்டமான சாமான் இல்லை, நல்ல வண்டிகளிலும் இருக்கிறது. நான் சொல்ல வருவது, இரண்டு வண்டிக்கும் தோலைத் தவிர உள்ளே எந்த உறவும் இல்லை என்பதுதான்.

சரி, நின்றுபோன காரணத்துக்கு வருகிறேன்.

கால் வைக்கும் பலகையின் ரப்பர் மேட்டைத் தூக்கி, எட்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஐந்து பேட்டரிகள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் 12 வோல்ட், கொள்ளளவு 32 ஏ.எச். (ஆம்பியர்-அவர்). ஐந்தும் தொடராக இணைந்து 60 வோல்ட். மேலே கறுப்பும் தங்கமுமாக "கிராஃபீன்" என்று பளபளக்கும் ஸ்டிக்கர். கடையில் அத்தையிடம் "புது டெக்னாலஜி கிராஃபீன் பேட்டரிக்கா, லித்தியத்தை விட சேஃப்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும், ஒன்பது கிலோவுக்கு மேல். ஈயத் தகடும் அமிலமும்தான். கார்பன் சேர்மானம் கொஞ்சம் கலந்த ஈய பேட்டரியைத்தான் கிராஃபீன் என்று விற்கிறார்கள். ஈய பேட்டரி பாவம் இல்லை, நம் வீட்டு இன்வர்ட்டரில் இருப்பதும் அதுதான். அதன் பெயரைச் சொல்லி விற்றிருந்தால், வாரம் ஒரு தடவையாவது முழுசாக சார்ஜ் செய்ய வேண்டும், காலியாக நிறுத்தி வைக்கக் கூடாது என்று அத்தைக்கும் தெரிந்திருக்கும்.

இரவு முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் மல்டிமீட்டரை வைத்தேன். ஐந்தும் 12.8, 12.9 என்று ஒழுங்காகவே காட்டின. லோடு இல்லாமல் அளந்தால் இப்படித்தான் ஏமாற்றும். பழைய ஹாலஜன் பல்பு ஒன்று வைத்திருக்கிறேன், 100/90 வாட். இரண்டு இழையையும் சேர்த்து எரியவிட்டால் பதினைந்து ஆம்பியர் இழுக்கும். அதை ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் மாட்டினேன். முதலாவது 12.2, இரண்டாவது 12.1. மூன்றாவதில் மாட்டியதும் பல்பு பளிச்சென்று எரிந்து, கண்ணெதிரே மஞ்சளாகி, சிவப்பாகி மங்கியது. மீட்டரில் 11, 10, 9.4, 8.6. நான்காவதும் ஐந்தாவதும் பரவாயில்லை.

மேம்பாலத்தில் நடந்தது இதுதான். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். 60 வோல்ட் கன்ட்ரோலர், மொத்த வோல்டேஜ் 52.5-க்குக் கீழே போனால் பேட்டரியைக் காப்பாற்ற மோட்டாரை நிறுத்திவிடும். ஏற்றத்தில் மோட்டார் முப்பது ஆம்பியர் வரை இழுக்கிறது. நல்ல பேட்டரிகள் நான்கும் ஆளுக்கு 11.7 வோல்ட் கொடுத்தால் 46.8. செத்துக்கொண்டிருக்கும் மூன்றாவது அந்த நேரத்தில் ஐந்துக்குச் சரிந்தால் மொத்தமே 51.8. கன்ட்ரோலர் நிறுத்திவிட்டது. ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் வோல்டேஜ் மேலே ஏறும், வண்டியும் கொஞ்ச தூரம் ஓடும். டிஸ்பிளேயில் தெரியும் கோடுகள் வெறும் வோல்டேஜைப் பார்த்துப் போடப்படுபவை, ஓடாதபோது மூன்று கோடு காட்டத்தான் செய்யும். பதிவெண் வாங்கும் நல்ல வண்டிகளில் பி.எம்.எஸ். என்ற பலகை ஒன்று உள்ளே இருந்து செல்களின் வோல்டேஜ், வெப்பம், உள்ளே போன மின்சாரம், வெளியே போன மின்சாரம் எல்லாவற்றையும் கணக்கு வைக்கும். அத்தையின் வண்டியில் ஐந்து பேட்டரிக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.சி.பி. ஸ்விட்ச். வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்குமே, அதே சாமான்.

பேட்டரிக்கு வாரண்டி ஒரு வருடம். முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கன்ட்ரோலரைக் கழற்றியபோது இன்னொன்றையும் பார்த்தேன். பேட்டரி செத்ததைவிட இதுதான் என்னைப் பதற வைத்தது. இந்த மாதிரி கன்ட்ரோலர்களில் இரண்டு வெள்ளை வயர் ஒரு சின்ன பிளக்கில் வரும். இரண்டும் சேர்ந்திருந்தால் வேகம் கட்டுக்குள் இருக்கும், பிரித்துவிட்டால் கட்டு போய்விடும். அத்தையின் வண்டியில் பிளக்கைப் பிரித்து, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். கடையை விட்டு வெளியே வரும்போதே செய்து கொடுத்த வேலை. "சும்மா பறக்கும்கா" என்று சொன்னார்களாம். 42 வரை போகிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்கு உள்ளே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். அத்தையின் காகிதத்தில் 250 வாட், 25 கிலோமீட்டர் என்றுதான் இருக்கிறது. அந்த வெள்ளை வயரைப் பிரித்த நிமிடமே காகிதத்தில் இருக்கும் வண்டி வேறு, ரோட்டில் ஓடும் வண்டி வேறு. பெரியகடை வீதியில் யாராவது ஒரு பெரியவர் மேல் மோதியிருந்தால், லைசென்ஸ் இல்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத, பதிவு இல்லாத மோட்டார் வண்டியை ஓட்டியவர் என்று என் அத்தைதான் நின்றிருப்பார். கையில் ஊசி குத்திய தழும்போடு ஐம்பத்தெட்டு வயதில் தையல் மெஷின் மிதிக்கிற ஒருவர் தலையில் இதைக் கட்டிவிட்டிருக்கிறார்கள், அவருக்குத் தெரியாமலே. பிரேக்கும் சட்டகமும் அந்த வேகத்துக்குச் செய்தவை இல்லை. பிளக்கை அன்றே சேர்த்துவிட்டேன்.

அதற்கு முன்பே முகப்பு பேனலில் ஒரு வெடிப்பு இருந்தது, கேட்டில் இடித்தது. சரி, அதையும் மாற்றிவிடலாம் என்று வாங்கிய கடைக்குப் போனேன். "அந்த மாடல் இப்ப வர்றதில்லண்ணே, புதுசு வேற டிசைன்" என்றார் கவுண்ட்டரில் இருந்த தம்பி. வண்டி பதினான்கு மாதம்தான் ஆகிறது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கன்டெய்னரில் தனித்தனியாக வருவதை இங்கே பூட்டுகிறார்கள், அடுத்த கன்டெய்னரில் எந்த முகம் வரும் என்று அவருக்கும் தெரியாது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் மாதச் சம்பளக்காரர்.

உருவம் ஒன்றுதானே, அசல் வண்டியின் பேனல் பொருந்துமா என்று பழைய சாமான் கடையில் விபத்தில் அடிபட்ட ஒன்றின் முகப்பை வாங்கிவந்து வைத்துப் பார்த்தேன். ஒரு கை தூரத்தில் பிடித்தால் இரண்டும் ஒன்று. வைத்து அழுத்தினால் எந்தத் துளையும் எந்தத் துளையோடும் சேரவில்லை. விளக்கின் குழி விரலளவு உள்ளே போகிறது, கீழ் உதடு முன்சக்கரத்தின் மட்கார்டில் இடிக்கிறது. புகைப்படத்தைப் பார்த்து அச்சு எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் பழைய பேனலையே சால்டரிங் அயர்னால் உருக்கி, பின்பக்கம் கம்பி வலை வைத்து ஒட்டினேன்.

அப்பாவிடம் பஜாஜ் சேட்டக் இருந்தது. அதுவும் ஒரு வெஸ்பாவின் உருவம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். பஜாஜ் முதலில் வெஸ்பாவைச் செய்யும் இத்தாலியக் கம்பெனியான பியாஜியோவிடம் லைசென்ஸ் வாங்கி இங்கே வெஸ்பா செய்தது, அந்த ஒப்பந்தம் 1971-இல் முடிந்தது, 1972-இல் சேட்டக் வந்தது. ஆனால் அதைச் செய்த கைகள் பல வருடம் வெஸ்பாவைச் செய்து பழகிய கைகள். கிளட்ச் கேபிள் அறுந்தால் மணப்பாறையிலும் கிடைக்கும், முசிறியிலும் கிடைக்கும். அப்பாவின் வண்டி இருபத்து மூன்று வருடம் ஓடியது. ஓலாவின் உருவமே கூட ஆம்ஸ்டர்டாமில் இருந்த எடர்கோ என்ற கம்பெனியின் ஆப்ஸ்கூட்டரில் இருந்து வந்ததுதான். 2020-இல் அந்தக் கம்பெனியையே வாங்கிக் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தொழிற்சாலை போட்டார்கள். காசு கொடுத்து வாங்குவதில் படமும் கணக்கும் சோதனை முடிவுகளும் சேர்ந்து வரும். தோலை மட்டும் பார்த்து எடுத்தவருக்கு அவை எதுவும் கைக்கு வராது.

இத்தாலியில் பியாஜியோ இதற்காக விடாமல் சண்டை போட்டிருக்கிறது. 2013-இல் மிலான் கண்காட்சியில் வெஸ்பா சாயலில் இருந்த சீன ஸ்கூட்டர்களைப் போலீஸ் பறிமுதல் செய்தது. அதில் ஒரு சீனக் கம்பெனி வழக்குக்குப் போக, 2017-இல் டுரின் நீதிமன்றம் வெஸ்பாவின் வடிவத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று சொன்னது. நம் ஊரிலும் வடிவமைப்புச் சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. பதிவு செய்தால் பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து. ஆனால் அவை எல்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவே நடக்கிற வழக்கு. மேம்பாலத்தில் நிற்கிற அத்தைக்கு அதில் இடம் இல்லை. வடிவத்தைப் பறிகொடுத்த கம்பெனி தன் நஷ்டத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்த வடிவத்தை நம்பியவருக்கு நேர்ந்த நஷ்டம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

விலை குறைந்த வண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஈய பேட்டரி வண்டி எத்தனையோ பேருக்கு உதவுகிறது. பால் ஊற்றுகிறவர், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுகிற தாத்தா, லைசென்ஸ் எடுக்க முடியாதவர்கள். ஒரு நல்ல விஷயமும் அதில் உண்டு: கன்ட்ரோலர், த்ராட்டில், சார்ஜர் எல்லாம் பொதுச் சாமான்கள், என்னைப் போன்ற தெருப்பட்டறையிலேயே சரி செய்துவிடலாம், கம்பெனியின் மென்பொருளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வண்டி தன் முகத்தோடும் தன் பெயரோடும் வரட்டும். என்ன பேட்டரி, எத்தனை மாதம் உழைக்கும், மாற்ற எவ்வளவு ஆகும் என்று வாங்குகிறவர் கேட்பார். இரவல் முகத்தோடு வரும்போது அந்தக் கேள்விகள் வாயிலேயே நின்றுவிடுகின்றன.

சார்ஜரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஓர் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதற்கும் நான் இங்கே சொல்லும் போலி உருவத்துக்கும் சம்பந்தம் இல்லை. அந்த வருடம் வரிசையாக நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, பதிவெண் வாங்கும் வண்டிகளின் பேட்டரிக்கு ஏ.ஐ.எஸ்.156 என்ற பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தச் சாயல் வண்டிகளில் ஈய பேட்டரி செத்ததும் சிலர் எங்கிருந்தோ ஒரு லித்தியம் பேக்கை வாங்கிப் போட்டு, பழைய ஈய சார்ஜரையே மாட்டுகிறார்கள். 60 வோல்ட் ஈய செட்டுக்கான சார்ஜர் 73 வோல்ட்டுக்கு மேலே போகும். அதே 60 வோல்ட் என்று விற்கும் லித்தியம் பேக்குகளில் சிலவற்றுக்கு 67.2-தான் எல்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படிக்கட்டுக்குக் கீழே, வாசலை மறித்து சார்ஜ் போடாதீர்கள்.

அத்தைக்கு ஐந்து பேட்டரியையும் மாற்றினேன். செத்தது ஒன்றுதானே என்று கேட்டார். பழைய நான்கோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் சார்ஜ் ஒத்துப்போகாது, புதியதும் சீக்கிரமே கெடும். கூலி போக 24 ஆயிரம். 68-உம் 24-உம் 92. ஒரு லட்சத்துக்குக் கீழே பதிவெண்ணோடு நல்ல வண்டிகள் வந்துவிட்ட நேரம் அது. நான் அந்தக் கணக்கை அவரிடம் சொல்லவில்லை, அவரே துணி அளக்கும் நோட்டின் பின்னட்டையில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். கூலி வேண்டாம் என்றேன். மறுவாரம் என் மகளுக்கு இரண்டு பாவாடை சட்டை தைத்துக் கொண்டுவந்தார்.

"முன்ன மாதிரி ஓட மாட்டேங்குதேப்பா" என்று சில நாள் குறைபட்டார். வயரைக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் அந்த வெள்ளை பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதிர் வீட்டுப் பொண்ணுகிட்ட கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா, நான்தான் கேக்கல" என்றார். "கேக்க விடாம பண்ணிட்டாங்க அத்தை" என்றேன்.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவார். ரப்பர் மேட்டை அவரே தூக்கி, ஸ்க்ரூக்களை ஒரு பாபின் டப்பாவில் போட்டு வைப்பார். நான் ஹாலஜன் பல்பை மாட்டுவேன், அவர் எண்களை அதே நோட்டில் எழுதிக்கொள்வார். இந்த மாதம்: 12.2, 12.2, 12.1, 12.2, 12.1.